தனித்து வாழும் முதியவருக்குக் கேமராவா, ஸ்மார்ட் வாட்ச்சா, அசைவு சென்சாரா?

டெல்லி முனிர்காவில் தனியாக வசிக்கும் என் அம்மா நலமாக நடமாடுகிறாரா என்பதை, குர்கானில் இருக்கும் நாங்கள் அவ்வப்போது அறிந்துகொள்வதற்கு மூன்று வழிகள் இருந்தன: அறையில் கேமரா, கையில் ஸ்மார்ட் வாட்ச், சுவரில் அசைவு சென்சார். அம்மாவோடு உட்கார்ந்து பேசி நாங்கள் தேர்ந்தெடுத்தது சென்சாரை. ஆகவே என் சாய்வு அந்தப் பக்கமே.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதியவர்கள் வழுக்கி விழக்கூடிய குளியலறையில் அதை வைக்க இயலாது. மற்ற அறைகளிலும் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் பயன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவலுக்குப் பொருந்தாது என்பதால், பிள்ளைகளின் கேமராவுக்குப் பெற்றோரின் சம்மதம் ஒன்றே வேலி. அம்மா வேண்டாம் என்றார். அதற்குமேல் நாங்கள் வற்புறுத்தவில்லை.

வாட்ச் வலுவான போட்டியாளர். விழுவதைக் கண்டறியும் வசதியை ஆப்பிள் நிறுவனம் 2018இல் தன் கைக்கடிகாரத்தில் கொண்டுவந்தது. மலை மந்திர் எனப்படும் முருகன் கோயிலின் படிகளில் அம்மா ஏறும்போதும் அது உடன் வரும். சென்சாரோ வீட்டு வாசலோடு நின்றுவிடும். இருந்தும் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு, அதிலும் குறிப்பாக அது யார் தலையில் விழுகிறது என்பது. இத்தகைய வாட்ச்சுகளில் பலவற்றை ஏறத்தாழ நாள்தோறும் சார்ஜ் செய்ய வேண்டும். கண்பார்வை மங்கி, விரல்கள் நடுங்கும் வயதில் அந்த வேலை முழுவதும் முதியவரைச் சேர்கிறது. இரவில் சார்ஜில் போட்டால், தூக்கக் கலக்கத்தில் குளியலறைக்கு எழுந்து செல்லும் நேரத்தில் அது மேசைமேல் இருக்கும். குளிக்கும்போதும் மாவு பிசையும்போதும் கழற்றி வைத்தால் மீண்டும் கட்டிக்கொள்ள நினைவிருக்க வேண்டும். உடல் தளரத் தளர, கருவி கேட்கும் உழைப்பு மட்டும் குறைவதில்லை.

சென்சார் அம்மாவிடம் எதையும் கேட்பதில்லை. உடல் வெப்பம் இடம்பெயர்வதை உணர்ந்து, நேரத்தை மட்டும் அது பதிவு செய்கிறது. படமும் ஒலியும் இல்லை. வட்ட பேட்டரி ஒன்று பல மாதங்கள் தாங்கும்; தீரும் முன்பே எச்சரிக்கை எங்கள் கைபேசிக்கு வரும், மாற்றுவதும் எங்கள் பொறுப்பு. சென்சார்களை இணைக்கும் ஹப் மின்வெட்டில் அணைந்தால், அந்த மௌனத்தை யாரும் நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹப்பின் தொடர்பு அறுந்தாலே எங்களுக்குத் தகவல் வரும்படி அமைத்திருக்கிறோம்.

எதை எங்கே பொருத்துவது என்பதில் அம்மாவின் சொல்லே முடிவானது. குளியலறைக்கு உள்ளே கூடாது, வெளியே கதவருகில் இருக்கலாம் என்றார். கிருத்திகையன்று அவர் மலை மந்திருக்குப் போனால் வீடு அசைவற்றுக் கிடக்கும். அதைக் கண்டு நாங்கள் பதறுவோம் என்று சொல்லி, வாசற்கதவு திறந்து மூடுவதை அறியும் சென்சாரைக் கேட்டதும் அவர்தான். வழக்கத்துக்கு மாறாக அசைவில்லாதபோது எழும் எச்சரிக்கை மணி முதலில் வீட்டுக்குள் ஒலிக்க வேண்டும், தாம் பொத்தானை அழுத்தினால் அது எங்கள்வரை வரக்கூடாது என்ற அவருடைய நிபந்தனை, என் பார்வையில், இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த பகுதி.

குறைகளும் உண்டு. டெல்லியின் மே, ஜூன் வெயிலில் அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது இவ்வகை சென்சார் மந்தமாகிவிடும். காந்தத்தால் இயங்கும் கதவுச் சென்சாருக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும் ஒன்று ஒட்டியிருக்கிறோம். நடமாடுவது அம்மாவா, வேலைக்கு வருபவரா என்பது சென்சாருக்குத் தெரியாது; இருவர் வாழும் வீட்டுக்கு இது எவ்வளவு உதவும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல இயலாது. விழுந்த கணத்திலேயே அது அறிவிக்காது. வழக்கத்துக்கு மாறான அசைவின்மையைத்தான் சற்றுத் தாமதமாகத் தெரிவிக்கும். மூச்சசைவைக்கூட உணரும் ரேடார் வகைகளை நான் பயன்படுத்தியதில்லை.

அடிக்கடி மயங்கி விழுபவருக்கும், நாள்தோறும் தனியே வெளியே செல்பவருக்கும் அந்தத் தாமதம் ஆபத்தானது. அவர்களுக்கு நான் வாட்ச்சையே பரிந்துரைப்பேன், அதைச் சார்ஜ் செய்து கட்டிவிட வீட்டில் இன்னொருவர் இருந்தால்.