கேட்சருக்கு எத்தனை வாய்ப்புகள்? ஃபேன்கிராப்ஸ் டெப்த் சார்ட்ஸ் ஒரு மதிப்பீடு

பேஸ்பால் புள்ளிவிவரத் தளமான ஃபேன்கிராப்ஸின் டெப்த் சார்ட்ஸ் பக்கம் எல்லா வீரர்களுக்கும் பொதுவானது என்றாலும், நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து அவர்களின் எண்ணிக்கைகளால் போட்டியிடும் ஃபேண்டஸி பேஸ்பால் ஆடுபவருக்கு அதன் அருமை, பேட்டருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் முழுமையாகப் புரியும். ஒரு வீரர் எப்படி அடிப்பார் என்பதை ஸிப்ஸ், ஸ்டீமர் என்ற இரு கணிப்பு முறைகளின் கலவையிலிருந்து எடுத்துக்கொள்ளும் இந்தச் சேவை, அவருக்கு எத்தனை பேட்டிங் வாய்ப்புகள் கிடைக்கும் என்பதைக் கணினியிடம் விட்டுவிடுவதில்லை; அணிகளின் நிலவரத்தை நாள்தோறும் கவனித்துவரும் தளத்தின் ஊழியர்களே அதைப் பங்கிட்டு எழுதுகிறார்கள்.

கேட்சர் விஷயத்தில் இந்தப் பங்கீடுதான் பாதிக் கணக்கு. 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் முதல் பேஸில் நிற்கும் ஒருவர் ஏறக்குறைய தினமும் ஆடி 650 வாய்ப்புகளைத் தாண்டிவிடலாம். ஆட்டம் முழுவதும் குந்தி உட்கார்ந்து, மட்டையில் உரசித் திரும்பும் பந்துகளை உடம்பில் வாங்குகிற கேட்சருக்கு அது கட்டுப்படியாகாது. இரவு ஆட்டத்தை ஒட்டி வரும் பகல் ஆட்டத்தில் பெரும்பாலும் அவருக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள். ஹோம் ரன், ரன், ஆர்பிஐ (தன் அடியால் அணிக்குக் கிடைக்கும் ரன்கள்) எல்லாம் மொத்த எண்ணிக்கையாகச் சேரும் ஃபேண்டஸி லீக்கில், நன்றாக அடித்தும் ஆடாத நாள்கள் அவர் மதிப்பைக் குறைத்துவிடுகின்றன.

ஆகவே, கேட்சராக நிற்காத நாளில் அவருக்கு மட்டை கிடைக்கிறதா என்பதே நான் முதலில் பார்க்கும் தகவல். இந்தப் பக்கம் ஒவ்வொரு அணியையும் இடவாரியாகப் பிரித்துக் காட்டுவதால், ஒரே வீரரின் பெயர் கேட்சர் வரிசையிலும், களத்தில் நிற்காமல் பேட்டிங் மட்டும் செய்யும் டி.எச். வரிசையிலும் தனித்தனி எண்களோடு இருப்பதைக் காணலாம். 2021-இல் 48 ஹோம் ரன் அடித்துக் கேட்சர்களுக்கான சாதனை படைத்த சால்வடோர் பெரெஸ் 161 ஆட்டங்களிலும், 2025-இல் 60 அடித்து அந்தச் சாதனையை முறியடித்த கால் ராலி 159 ஆட்டங்களிலும் ஆட முடிந்ததற்கு டி.எச். இடமே வழிவிட்டது. டாட்ஜர்ஸ் அணியின் வில் ஸ்மித்துக்கோ, டி.எச். ஆக ஆடும் ஓதானி வந்த பிறகு அந்த வழி ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. 2024-இல் அவர் ஆடியது 128 ஆட்டங்கள். பேட்டிங் சராசரியை மட்டும் பார்த்து ஸ்மித்தை ஃபேண்டஸி அணிக்காக ஏலத்தில் எடுப்பவர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவார். வரிசைகளைப் பார்ப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இன்னும் சுவையானவர்கள், ஃபேண்டஸி அணியின் கேட்சர் இடத்தில் வைக்கப்படும் தகுதியை வைத்துக்கொண்டு வேறு இடத்தில் ஆடுபவர்கள். 2022-இல் டால்டன் வார்ஷோ பெரும்பாலும் அவுட்ஃபீல்டில் நின்று 27 ஹோம் ரன்களும் 16 ஸ்டீல்களும் (பேஸ் திருட்டுகள்) சேர்த்தார். அவரைக் கேட்சர் இடத்தில் வைத்திருந்த ஃபேண்டஸி அணிக்கு அது பெரும் வரவு. வில்சன் கான்ட்ரெராஸை 2025-இல் கார்டினல்ஸ் முதல் பேஸுக்கு மாற்றியபோதும் அதே வாய்ப்பு உருவானது. இத்தகையவர்களைப் பிற தரவரிசைப் பட்டியல்களில் தேடுவதைவிட இங்கே தேடுவது எளிது.

அதே தளத்தின் ஏல மதிப்புக் கருவியையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். 15 அணிகள் தலா இரண்டு கேட்சர்களை வைக்கும் லீக்கில் 30 பேர் தேவைப்படுகிறார்கள். நிஜ ஆட்டங்கள் நடக்கும் மேஜர் லீக்கில் இருப்பதும் 30 அணிகள்தாம். அப்படியானால் வரிசையின் கடைசியில் பாதி நேரம் மட்டுமே ஆடுபவர்களையும் எடுத்தாக வேண்டும், முழு நேரக் கேட்சரின் விலை ஏறும். ஒரே கேட்சர் வைக்கும் 12 அணி லீக்கில் இந்த நெருக்கடி இல்லை. லீக் அமைப்பை மாற்றிக் கொடுத்தால் கருவி இந்த வேறுபாட்டை டாலரில் காட்டுகிறது.

குறைகளும் உண்டு. வாய்ப்புகளின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாகவே தரப்படுகிறது; அதன் பின்னால் இருக்கும் ஐயத்தின் அளவு தெரிவதில்லை. 2024 மே மாதத்தில் கேட்சராக ஆடிக்கொண்டிருந்த கான்ட்ரெராஸின் முன்கையை எதிரணி வீரரின் மட்டை முறித்தது. கேட்சருக்கே உரிய இந்த ஆபத்தை ஓர் எண்ணால் சொல்லிவிட முடியாது, ஒரு வரம்பாகக் காட்டினால் பெரிதும் உதவும். மேலும், தினமும் அணியை மாற்றலாம் என்ற லீக்கில் ஓய்வு நாளன்று இரண்டாவது கேட்சரை இறக்கிவிடலாம் என்பதால், குறைந்த வாய்ப்புடைய நல்ல பேட்டர் இந்தக் கணக்கில் தெரிவதைவிட மதிப்புள்ளவர். வாராந்திர லீக்கில் அவ்வாறு ஈடுசெய்ய வழியில்லை. இந்தத் திருத்தத்தை நாமே மனக்கணக்காகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டு கேட்சர் லீக்கில் ஆடுபவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பயிற்சி முகாம்கள் நடக்கும் மார்ச் மாதத்தில் பங்கீடு அடிக்கடி மாறும் என்பதால், டிராஃப்டுக்கு (ஃபேண்டஸி அணிக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு) முந்தைய நாள் இரவில் டி.எச். வரிசையை மட்டுமாவது மறுபடி ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.