வாரம் ஒரு மாத்திரையா, பதினைந்து நாளுக்கு ஓர் ஊசியா? சொரியாசிஸ் மூட்டு வலிக்கு நான் எடுத்த முடிவு

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறேன். ஒட்டுக் கட்டுவதுதான் தொழில். கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, ஆப்பு போலச் சீவிய தாய்மரத்துக் குச்சியை அதில் சொருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். முழு வேலையும் விரல் நுனியில்தான். நான்கு வருடம் முன்பு ஓர் ஆவணி மாதக் காலையில் அந்த நாடாவை என்னால் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. வலது கை நடுவிரல் அடியிலிருந்து நுனி வரை ஒரே தடிமனாக வீங்கிச் சிவந்திருந்தது. குதிகாலில் ஏற்கனவே ஆறு மாதமாக வலி. சொரியாசிஸ் வந்து அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஆனால் தோலில் இருக்கும் நோய்க்கும் விரல் வீக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் பக்கம் மூட்டு வலி என்றாலே பழி தண்ணீர் மேல்தான் விழும். அதில் நியாயமும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் கறை, முதுகு விறைப்பு, கால் வளைவு எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே அதற்காகத்தான். அதனால் நானும் ஒரு வருடம் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டே ஓட்டினேன். இடையில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. மூன்றாவது முறை போட்டு நிறுத்திய பிறகு, முழங்கையில் மட்டும் இருந்த செதில் முதுகு முழுக்கப் பரவியது. அது ஸ்டீராய்டு என்று பிறகுதான் தெரிந்தது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சட்டென நிறுத்தினால் தோல் இப்படிப் பொங்கிவிடுவது உண்டு. நம்மில் யாருக்காவது இரண்டு நாளில் குணமாக்கும் ஊசி போடுவதாகச் சொன்னால், முதலில் பெயரைக் கேளுங்கள்.

கடைசியில் பெங்களூரில் ஒரு மூட்டுவாத மருத்துவரைப் பார்த்தேன். அவர் முதலில் விரலைத் தொடவில்லை, நகத்தைப் பார்த்தார். குண்டூசியால் குத்தினது போலக் குட்டிக் குட்டிக் குழிகள். காலையில் எழுந்தால் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான் வருமாம், அதை வைத்து வாதம் இல்லை என்று முடிவு கட்டக்கூடாதாம். சொரியாசிஸ் உள்ளவர்களில் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு மூட்டு பாதிக்கலாம் என்றும், தோல் நோய் வந்து பத்து வருடம் கழித்து மூட்டுக்கு வருவது சகஜம் என்றும் சொன்னார். குதிகால் வலியும் இதே நோய்தான். தசைநார் எலும்பில் ஒட்டும் இடத்தில் வரும் அழற்சி அது.

வெறும் வலி மாத்திரை போதுமா என்று கேட்டேன். அது வலியை அடக்கும், மூட்டில் எலும்பு அரிபட்டுத் தேய்வதை நிறுத்தாது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மீதம் இரண்டு வழி: வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, அல்லது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசி, 40 மில்லிகிராம். நான் மாத்திரையை எடுத்தேன். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் என் சித்தி மகன் ஊசியை எடுத்தான். அவனுக்கும் சொரியாசிஸ்தான், குடும்பத்தில் ஓடுகிறது.

எது வேகம் என்று கேட்டால் ஊசிதான். தம்பிக்கு மூன்றாவது ஊசிக்குள் தெரிந்துவிட்டது. எனக்கு எட்டு வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதாவது வாரம் கத்தியைப் பிடித்துக் குச்சியைச் சீவும்போது கட்டைவிரல் கூசவில்லை என்பதைச் சீவி முடித்த பிறகுதான் கவனித்தேன். தோலும் கூடவே அடங்கியது. விலையைப் பேச வேண்டியதே இல்லை. எனக்கு மாத்திரை மாதம் 200 ரூபாய்க்குள். ஊசி ஒவ்வொன்றும் பல ஆயிரம். இத்தனைக்கும் சைடஸ் காடிலா 2014 டிசம்பரில் இந்தியாவில் தயாரான அடாலிமுமாப் ஊசியைக் கொண்டுவந்த பிறகு இறங்கிய விலை இது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேகமும் இல்லை, விலை மட்டும் இல்லை. விடாமல் தொடர முடியுமா என்பதுதான். இந்த நோய் ஒரு மாதத்தில் போகும் நோய் இல்லை. அடுத்த பத்து வருடம் நம் வீட்டு நிலைமையில் எது அறுபடாமல் ஓடும் என்று யோசிக்க வேண்டும்.

ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்தாலும் வீண், சூடானாலும் வீண். சில கம்பெனி ஊசியை 25 டிகிரிக்குள் 14 நாள் வரை வெளியே வைக்கலாம் என்று போட்டிருக்கிறது. சித்திரையில் என் வீட்டுக்குள் 25 டிகிரி ஏது? பெங்களூரில் வாங்கி, ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி வீடு வந்து சேர வேண்டும். வந்த பிறகு மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும். தம்பிக்கு ஓசூரில் இது பெரிய பிரச்சினை இல்லை. எனக்குப் பெரிய பிரச்சினை.

அதைவிட முக்கியம் வருமானம். எனக்குப் பணம் வருவது கன்று விற்கும் மாதங்களில்தான். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. ஊசியை மூன்று மாதம் போட்டு இரண்டு மாதம் விட்டால் நோய் திரும்பிவிடும். அது மட்டும் இல்லை. உடம்பு அந்த மருந்துக்கே எதிர்ப்புப் பொருள் உண்டாக்கிக்கொண்டு, பிறகு போடும் ஊசி முன்போல வேலை செய்யாமல் போகவும் வாய்ப்பு உண்டு. மாத்திரையை விட்டாலும் நோய் திரும்பும்தான். ஆனால் 200 ரூபாய் மாத்திரையை விட வேண்டிய நிலைமை எனக்கு வராது.

மாத்திரைக்கும் பராமரிப்பு உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் என்று பரிசோதனை. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. போச்சம்பள்ளியில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு அனுப்பிவிடுவேன். ஒருமுறை கல்லீரல் பரிசோதனையில் எஸ்ஜிபிடி அளவு கூடி 96 வந்தது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை, பசி நன்றாக இருந்தது. பரிசோதனை செய்யாமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. இரண்டு வாரம் நிறுத்தி, 15 மில்லிகிராமை 12.5 ஆகக் குறைத்தார். சரியாகிவிட்டது.

இன்னொன்று, இதுதான் உயிர் விஷயம். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள். என் டாக்டர் மற்ற நாட்களுக்கு ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை எழுதினார். எனக்குக் கிடைத்த இரண்டுமே மஞ்சள் நிறக் குட்டி மாத்திரைகள். ஞாயிறு போச்சம்பள்ளி சந்தை நாள், எங்களுக்கு மறக்காத நாள் என்பதால் அதையே வைத்துக்கொண்டோம். வீட்டில் அதற்குப் பெயரே ‘சந்தை மாத்திரை’. ஒருமுறை ஒரு மருந்துக்கடையில் கவர் மேல் ‘காலை 1, இரவு 1’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் பார்க்கவில்லை. என் மனைவிதான் பார்த்து, “ஏங்க, இது சந்தை மாத்திரையாச்சே, தினமும்னு போட்டிருக்காங்க” என்று கையைப் பிடித்து நிறுத்தினாள். தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை ரத்த அணு உண்டாக்குவதை நிறுத்தி, உயிரே போகும். அன்றிலிருந்து அது தனி டப்பாவில், அவள் பொறுப்பில் இருக்கிறது. சாப்பிட்டதும் காலண்டரில் ஒரு கோடு. வேறு நோய்க்கு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். கோட்ரைமாக்சசோல் போன்ற சில கிருமிக்கொல்லி மாத்திரைகள் இதோடு சேரவே கூடாது.

சரி, தம்பி செய்தது தப்பா? இல்லை. அவனுக்கு விரலில் ஒன்றும் இல்லை, இடுப்பும் முதுகும்தான். “அண்ணா, காலையில எழுந்து ஷூ போட அரை மணி நேரம் ஆவுது. வேலை செஞ்சா தேவலை, படுத்தாதான் வலி” என்பான். ஓய்வில் கூடி, அசைந்தால் குறைவதுதான் இந்த முதுகு வலியின் அடையாளம். முதுகெலும்பைப் பிடித்த நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் உதவுவதில்லை. அவன் மாத்திரையில் நின்றிருந்தால் காலம்தான் வீணாகியிருக்கும். ஊசிக்கு முன் அவனுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்தார்கள். உடம்பில் தூங்கும் காசநோய்க் கிருமியை இந்த ஊசி எழுப்பிவிடலாம் என்பதால் அது கட்டாயம். அவனுக்கு மேண்டூ என்ற அந்தத் தோல் பரிசோதனை பாசிட்டிவ். தடுப்பு மாத்திரை ஒரு மாதம் போட்ட பிறகே முதல் ஊசி. ஊசியை நான் போட்டுக்கொண்டதில்லை, சொல்வதெல்லாம் அவனைப் பார்த்துத் தெரிந்ததுதான். அதுவும் ஒன்றரை வருட அனுபவம்.

மாத்திரை எல்லோருக்கும் ஆகாது. குடிப்பவர்களுக்கும் கல்லீரலில் கோளாறு உள்ளவர்களுக்கும் வேண்டாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். நான் பொங்கலுக்குக்கூட இப்போது குடிப்பதில்லை.

தசையை எந்த மருந்தும் திரும்பக் கொடுக்காது. வலியில் ஒரு வருடம் காலை இழுத்து நடந்ததில் என் இடது தொடை வலதைவிட இளைத்துவிட்டது, டேப் வைத்து அளந்தே பார்த்தோம். தினமும் ஏரிக்கரையில் நடக்கிறேன், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிறேன். பாதி தேறியிருக்கிறது.

போன மாதம் கால் எக்ஸ்ரே எடுத்தார்கள். பெருவிரல் மூட்டில் எலும்பு அரிபட்ட பழைய இடம் அப்படியே இருக்கிறது, புதிதாக ஒன்றும் இல்லை. புதிதாக வந்தால் மாத்திரையை விடாமல் ஊசியையும் சேர்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சேர்த்துப் போட்டால் அந்த எதிர்ப்புப் பொருள் உண்டாவதும் குறையுமாம். அப்படி வந்தால் ஊசிப் பெட்டியைத் தம்பி வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நானே ஓசூர் போய்ப் போட்டுக்கொள்வது என்று அவனிடம் பேசி வைத்திருக்கிறேன். அடுத்த எக்ஸ்ரே தை மாதம்.