புலி வரி போட்ட இந்திய மிராஜ் டெகால் தாள்: வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

இந்திய விமானப்படையின் மிராஜ் 2000 போர் விமானத்தை 1/48 அளவு மாடலாகக் கட்டுகிறவர்களைக் குறிவைத்து, "1-ஆம் ஸ்குவாட்ரன் டைகர்ஸ், சிறப்பு வண்ணம்" என்ற பெயரில் இணையச் சந்தை ஒன்றில் ஒரு டெகால் தாள், அதாவது தண்ணீரில் நனைத்து மாடலின் மேல் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள், விற்கப்பட்டு வருகிறது. உடலெங்கும் மஞ்சளும் கறுப்புமாகப் புலி வரிகள், செங்குத்து வாலில் சீறும் புலி, இறக்கைகளில் மூவண்ண வட்டம் என்று விளம்பரப் படம் கண்ணைப் பறிக்கும். அந்தத் தாளில் உள்ள சின்னங்களில் பெரும்பாலானவை இந்திய மிராஜுக்கு உரியவை அல்ல என்பதும், அச்சு தண்ணீரில் போட்டால் நிற்காது என்பதும் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கிய பிறகே எனக்குத் தெரியவந்தன. இன்னும் வாங்காதவர்களுக்காவது பயன்படட்டும் என்று நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

பணத்தை விட எனக்கு வருத்தம் தந்தது வேறு. ஒரு ஸ்குவாட்ரனின் சின்னம் என்பது வெறும் அலங்காரம் அல்ல. அந்த அணியில் பறந்தவர்களும், இரவெல்லாம் விழித்து விமானத்தைப் பழுது பார்த்தவர்களும் பல ஆண்டுகள் தோளில் தாங்கிய அடையாளம் அது. இல்லாத ஒரு வண்ணத்தை "உண்மையில் இருந்தது" என்று சொல்லி விற்றால், அதை நம்பிக் கட்டிய மாடல் ஒரு பள்ளிக் கண்காட்சியிலோ ஒரு வீட்டுக் கூடத்திலோ பொய்யான வரலாறாக நின்றுவிடும்.

விற்பனைக் குறிப்பில் இரண்டு உறுதிகள் தெளிவாகத் தரப்பட்டிருந்தன. சின்னங்கள் அனைத்தும் உண்மையான விமானத்தின் புகைப்படங்களைப் பார்த்து வரையப்பட்டவை என்பது ஒன்று. தாள் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிடப்பட்டது என்பது மற்றொன்று. பணம் செலுத்தும் முன் நான் இந்த இரண்டையும் பற்றி விற்பவருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். இரண்டுக்கும் ஆம் என்று எழுத்திலேயே பதில் வந்தது. அந்தப் பதிலைச் சேமித்து வைத்திருந்தது பிற்பாடு மிகவும் உதவியது.

இந்த ஏமாற்று ஏன் எளிதில் எடுபடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1-ஆம் ஸ்குவாட்ரனுக்கு "டைகர்ஸ்" என்ற பெயர் உண்மையானது. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் வாபிட்டி விமானங்களோடு தொடங்கப்பட்ட, நம் விமானப்படையின் முதல் அணி அது. 1985 முதல் மிராஜ் 2000 விமானங்கள் வரத் தொடங்கியபோது, குவாலியரில் 7-ஆம் ஸ்குவாட்ரனும் அதன் பின் 1-ஆம் ஸ்குவாட்ரனும் அவற்றைப் பெற்றன. இன்னொரு பக்கம், ஐரோப்பாவில் புலிச் சின்னம் கொண்ட ஸ்குவாட்ரன்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடும் "நேட்டோ டைகர் மீட்" என்ற பயிற்சி நிகழ்வு இருக்கிறது. 1961-இல் இங்கிலாந்தின் வுட்பிரிட்ஜ் தளத்தில் அமெரிக்காவின் 79-ஆவது ஸ்குவாட்ரன், பிரிட்டனின் 74-ஆவது ஸ்குவாட்ரன், பிரான்சின் "காம்பிரேசி" ஸ்குவாட்ரன் ஆகிய மூன்றும் சேர்ந்து தொடங்கிய வழக்கம் இது. அதற்கு வரும் அணிகள் தங்கள் விமானம் ஒன்றுக்கு வால் முதல் மூக்கு வரை புலித்தோல் போலவே வண்ணம் தீட்டி வருவது உலகப் புகழ் பெற்றது. அந்தக் காம்பிரேசி அணியும் மிராஜ் 2000 ஓட்டியது. ஆக, பெயரிலும் புலி, விமானமும் மிராஜ், உலகில் புலி வரி மிராஜ்களும் இருந்திருக்கின்றன. இந்தியாவிலும் ஒன்று இருந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். விற்பவர் அந்த நம்பிக்கையைத்தான் காசாக்கியிருக்கிறார்.

தாள் வந்த அன்று என் தாய்மாமா வீட்டில் இருந்தார். விமானப்படையில் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். குவாலியரில் மிராஜ்களுக்கு நடுவே பல ஆண்டுகள் இருந்தவர். தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர் முதலில் விமானத்தின் எண்ணைத்தான் தொட்டுக் காட்டினார். "மாப்ளே, எஸ்பி-ன்னு போட்டிருக்கானே, அது சுகோய் நம்பர்ப்பா. மிராஜுக்கு எஸ்பி எப்படி வரும்?" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. இந்திய விமானப்படையில் ஒவ்வொரு வகை விமானத்துக்கும் எண்ணின் முன்னால் வரும் எழுத்துகள் தனித்தனி. ஒற்றை இருக்கை மிராஜ் என்றால் கேஎஃப் (KF), இரட்டை இருக்கை என்றால் கேடி (KT), சுகோய் 30-க்கு எஸ்பி (SB), பைசன் வகை மிக் 21-க்கு சியு (CU), தேஜஸுக்கு எல்ஏ (LA). ரஃபேலில் ஒற்றை இருக்கைக்கு பிஎஸ் (BS), இரட்டை இருக்கைக்கு ஆர்பி (RB). அவை இரண்டும் முன்னாள் தளபதிகள் பி.எஸ். தனோவா, ஆர்.கே.எஸ். பதௌரியா ஆகியோரின் பெயர்களின் முதலெழுத்துகள். புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவர் எவரும் மிராஜின் மேல் எஸ்பி என்று எழுத வாய்ப்பே இல்லை.

அடுத்தது வட்டச் சின்னம். நம் விமானப்படை வட்டத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, மையத்தில் பச்சை. இந்தத் தாளில் வெளியே பச்சையும் மையத்தில் காவியுமாக, தலைகீழாக அச்சிடப்பட்டிருந்தது. நாட்டின் சின்னத்தையே தலைகீழாகப் போட்டு "புகைப்பட ஆதாரம்" என்று விற்கத் துணிந்ததை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ஒரு குளவி. வாலின் ஒரு பக்கத்துக்குப் புலியும், மறுபக்கத்துக்கு ஒரு சிறு குளவியும் தாளில் இருந்தன. "குளவி எதுக்குப்பா? நம்ம டைகர்ஸ்ல குளவியே கிடையாதே" என்றார் மாமா. பிரெஞ்சு விமானப்படையில் ஒரு ஸ்குவாட்ரனுக்குள் பல சிறு அணிகள் உண்டு. முதல் உலகப்போர்க் காலத்து அணிகளின் சின்னங்களை அவை வழிவழியாகத் தாங்கி வருகின்றன. விமானத்தின் வாலில் ஒரு பக்கம் ஓர் அணியின் சின்னமும், மறுபக்கம் இன்னோர் அணியின் சின்னமும் இருப்பது அங்கே வழக்கம். காம்பிரேசி ஸ்குவாட்ரனின் சிறு அணிகளில் ஒன்று 162, அதன் சின்னம் புலி. மற்றொன்று 89, அதன் சின்னம் குளவி. 2012-இல் கலைக்கப்பட்டுவிட்ட அந்தப் பிரெஞ்சு ஸ்குவாட்ரனுக்காக யாரோ உழைத்து வரைந்த தாளை ஸ்கேன் செய்து, பிரெஞ்சு வட்டத்தை எடுத்துவிட்டு, நம் வட்டத்தைத் தப்பும் தவறுமாக ஒட்டி, இந்தியத் தாள் என்று விற்றிருக்கிறார்கள் என்பதில் எனக்கு அதன் பிறகு ஐயம் இல்லை.

இனி அச்சுக்கு வருகிறேன். புதிய டெகாலை நேரடியாக மாடலில் போடாமல், உடைந்த பழைய மாடலின் இறக்கை ஒன்றில் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம். இறக்கைக்கு விமானத்தின் சாம்பல் வண்ணத்தையே அடித்துக் காயவைத்து, வாலுக்கான புலியை வெட்டித் தண்ணீரில் போட்டேன். சற்று நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகி, பிறகு கறுப்பு வரிகளின் ஓரம் கரைந்து மீன் குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் போலப் படர்ந்தது. மீதி இருந்ததை இறக்கையில் ஏற்றினால், மஞ்சள் நிறம் சாம்பலோடு கலந்து அழுக்குப் பழுப்பாகிவிட்டது. புலியின் பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் பற்களே இல்லை. அடியிலிருந்த சாம்பல்தான் தெரிந்தது. டெகாலை மேற்பரப்பின் வளைவுகளோடு படியவைக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டதும் மீதி வண்ணமும் தூரிகையோடு வந்துவிட்டது.

காரணம் எளியது. வீட்டில் இருக்கும் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. காகிதத்தின் வெண்மையைத்தான் அது வெள்ளையாகப் பயன்படுத்துகிறது. ஒளி ஊடுருவும் டெகால் படலத்தில் அதே பிரிண்டரால் அடித்தால், வெள்ளை இருக்க வேண்டிய இடம் வெறுமையாகிவிடும். மற்ற நிறங்களும் அடியில் வெள்ளைப் பூச்சு இல்லாமல் கண்ணாடித்தாள் போல ஊடுருவித் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்தையும் தனி மையாக, அடர்த்தியாக, முதலில் வெள்ளையை இட்டு அதன்மேல் ஏற்றுவார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும்: ஸ்கிரீன் அச்சில் காவி ஒரே சீரான காவியாக இருக்கும்; என்னிடம் வந்த தாளில் அது மஞ்சளும் மெஜந்தாவுமான நுண்புள்ளிகளின் கூட்டமாக இருந்தது. விளம்பரப் படத்தில் இது தெரியாததற்கும் காரணம் உண்டு. தாளின் பின்புறக் காகிதம் வெள்ளை. அந்த வெண்மைதான் படத்தில் புலியின் பல்லாகவும் வட்டத்தின் நடு வளையமாகவும் தெரிந்தது. நல்ல நிறுவனங்கள் பலவும் பின்காகிதத்தை இளநீலமாக வைப்பது, வெள்ளை மை தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

இவற்றையெல்லாம் படங்களோடு விற்பவருக்கு எழுதினேன். முதலில் வந்த பதில், "இது ஓவியரின் கற்பனை வண்ணம், அப்படித்தான் இருக்கும்" என்பது. புகைப்பட ஆதாரம் உண்டு என்று அவரே எழுதிய செய்தியைத் திருப்பி அனுப்பி, அந்தப் புகைப்படங்களில் ஒன்றையாவது காட்டும்படி கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. சில நாட்கள் கழித்து, தண்ணீரில் போட்ட பொருளைத் திரும்பப் பெற முடியாது என்று மட்டும் எழுதினார். அதற்குள் நான் எழுதியிருந்த மதிப்புரையும் விற்பனைப் பக்கத்திலிருந்து காணாமல் போயிருந்தது.

2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ போலியையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. சந்தை நடத்தும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இந்த விதியைக் குறிப்பிட்டு அந்த அலுவலருக்கு எழுதி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்தேன். இந்த இரண்டும் சேர்ந்த பிறகே தாளின் விலை திரும்ப வந்தது. அஞ்சல் செலவு வரவில்லை. அந்த விற்பனைப் பக்கம் நீக்கப்பட்டது. ஆனால் அதே தாள், அதே எஸ்பி எண்ணோடு, அதே குளவியோடு, வேறொரு கடைப் பெயரில் இப்போது மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. இந்தப் பதிவை எழுத நேர்ந்ததே அதனால்தான்.

சிறப்பு வண்ணத் தாள் எதை வாங்குவதாக இருந்தாலும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிறப்பு வண்ணம் என்பது ஒரு ஸ்குவாட்ரன் முழுவதற்கும் தீட்டப்படுவது அல்ல. பெரும்பாலும் ஒரே ஒரு விமானத்துக்கு, ஒரு நிகழ்வை ஒட்டி, சில காலத்துக்கு மட்டும் தீட்டப்படுவது. சுவிட்சர்லாந்தின் 11-ஆம் ஸ்குவாட்ரனின் புலி வண்ண ஹார்னெட் என்றால் அது ஜே-5011 என்ற ஒற்றை விமானம்தான். வேறு எண்ணைப் போட்டு அந்த வண்ணம் விற்கப்பட்டால் அங்கேயே நின்றுவிடலாம். அமெரிக்கக் கடற்படையில் ஸ்குவாட்ரனின் மற்ற விமானங்கள் மங்கலான சாம்பலில் இருக்க, 00 என்று முடியும் எண் கொண்ட ஒன்றுக்கு மட்டும் முழு வண்ணம் தருவது நெடுநாள் மரபு. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது "இப்படி ஒரு விமானம் இருந்ததா?" என்ற பொதுக் கேள்வி அல்ல. எந்த எண் கொண்ட விமானம், எந்த ஆண்டில், எந்தத் தளத்தில் என்று கேட்க வேண்டும். இரு பக்கப் புகைப்படமும் கேட்க வேண்டும், ஏனென்றால் இடமும் வலமும் வேறுபடும் விமானங்கள் ஏராளம். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். வெள்ளை மை இருந்தால் அந்த இடம் ஒளியை மறைக்கும், இல்லாவிட்டால் காலியாகத் தெரியும். நேர்மையாகத் தாள் அச்சிடும் சிறிய கலைஞர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்கு அவர்கள் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள், கற்பனை வண்ணம் என்றால் கற்பனை என்றே குறிப்பிட்டும் விற்பார்கள்.

ஏற்கெனவே இந்தத் தாளை வாங்கி வைத்திருப்பவர்கள் அதை வெட்ட வேண்டாம். விளம்பரப் பக்கத்தையும் உங்கள் உரையாடலையும் படமெடுத்துச் சேமியுங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள். சந்தை நிறுவனம் கைவிரித்தால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. அதே கடையில் 7-ஆம் ஸ்குவாட்ரன் "பேட்டில் ஆக்சஸ்" என்ற பெயரில் இன்னொரு தாளும் இருக்கிறது. அதை நான் வாங்கவில்லை. ஆனால் அதன் விளம்பரப் படத்திலும் வட்டத்தின் மையத்தில் காவிதான் இருக்கிறது.