கண்மாய் வரைபடங்களும் கியூஜிஐஎஸ்ஸும்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

மதுரை, சிவகங்கை பக்கத்துக் கண்மாய்களை வரைபடத்தில் ஏற்றத்தான் ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபடமும் இடத் தகவலும் கையாளும் முறை, படிக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து நான் பயன்படுத்துவது கியூஜிஐஎஸ் ஒன்றுதான். 2002-ல் கேரி ஷெர்மன் தொடங்கிய இலவச, திறந்த மூல மென்பொருள் இது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில்தான் ஒழுங்காகக் கற்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புதிதாக வருபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது சிஆர்எஸ், அதாவது ஆயமுறை: ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறை. ஒவ்வொரு ஆயமுறைக்கும் இபிஎஸ்ஜி என்று ஓர் எண் உண்டு. ஜிபிஎஸ் தரும் புள்ளிகள் இபிஎஸ்ஜி 4326-ல், டிகிரி கணக்கில் இருக்கும். அதிலேயே வரைந்துவிட்டு லேயரின் (வரைபட அடுக்கின்) அலகில் பரப்பளவு கேட்டால், 40 ஹெக்டேர் கண்மாய்க்கு 0.000033 என்று விடை வரும். அது சதுர டிகிரி, யாருக்கும் உதவாது. பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறைக்கு மாற்றினால் சதுர மீட்டரில் கிடைக்கும். இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. மதுரைக்கு 44-வது மண்டலம் (32644), கோயம்புத்தூருக்கு 43-வது (32643). இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

தமிழில் தகவல் சேர்ப்பவர்கள் ஷேப்ஃபைல் என்ற பழைய ஃபைல் வகையை விட்டுவிடுவது நல்லது. அதில் தகவல் அட்டவணையின் ஒரு பத்தித் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகும் என்பதால் ‘பெயர்’ என்ற சின்னச் சொல்லுக்கே 15 பைட் வேண்டும்; பாதியில் வெட்டுப்படும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய ஃபைல் வகையில் இந்தத் தொல்லை கிடையாது. ‘கலுங்கு’, ‘மடை’, ‘வரத்துக்கால்’ என்று மக்கள் சொல்கிற பெயரிலேயே தலைப்பு வைக்கலாம். எல்லாம் ஒரே ஃபைலுக்குள் அடங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்களில் தண்ணீரைப் பிரித்தெடுப்பது. படம் இலவசம், துல்லியம் 10 மீட்டர். பச்சை (பேண்ட் 3), அண்மை அகச்சிவப்பு (பேண்ட் 8) இரண்டையும் ராஸ்டர் கால்குலேட்டரில் (கட்டம் கட்டமான படங்களை வைத்துக் கணக்குப் போடும் கருவி) போட்டால் தண்ணீர் நிற்கும் இடம் தனியாகத் தெரியும், ஏனென்றால் அகச்சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும். ஜனவரிப் படம்தான் சரிப்பட்டு வரும். ஆகாயத்தாமரை மூடிய கண்மாய் மட்டும் செடியாகவே பதிவாகும். அதை நேரில் போய்ப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. பெரிய வெர்ஷன் மாறும்போது சில பிளகின்கள் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்கள்) வேலை செய்யாமல் போகும். அதனால் நீண்ட காலம் பராமரிக்கப்படும் எல்டிஆர் பதிப்பே போதும். பழைய லேப்டாப்பில் பெரிய ராஸ்டர் திறந்தால் திணறும், வேண்டிய பகுதியை மட்டும் முதலில் வெட்டிக்கொள்ளுங்கள்.

இலவச உயரத் தரவை நம்பி, எந்தக் கண்மாய் நிரம்பி எதற்கு மறுகால் போகிறது என்று முடிவு கட்டாதீர்கள். விண்கலத்திலிருந்து ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர், உயரப் பிழையே சில மீட்டர் வரும். சமவெளிக் கண்மாய்களுக்கு இடையே மட்ட வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருக்கும். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சியிடம் கேட்டு, அவர் சொல்லும் வழியைக் கோடாக வரைந்து, ‘யார் சொன்னது’ என்று ஒரு பத்தியும் சேர்த்துவிடுங்கள்.