வாழையும் அவகாடோவும்: ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பழப் பிரிவு

தென்சென்னையில் எங்கள் குடும்பம் வழக்கமாகப் பொருள் வாங்கும் சூப்பர் மார்க்கெட் ஒன்றின் பழப் பிரிவைப் பற்றியது இந்த மதிப்பீடு. கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லப்போகும் நடைமுறை அந்த ஒரு கடையோடு நிற்பதில்லை. மளிகையிலும் பால் பொருள்களிலும் அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. வாழைப்பழத்திலும் அவகாடோவிலும்தான், கொடுக்கிற காசுக்குக் கிடைக்கிற தரம் வகைக்கு வகை மாறுகிறது. ரோபஸ்டா வாழையைத் தயங்காமல் வாங்கலாம். மற்ற வாழை வகைகளைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இறக்குமதியாகும் ஹாஸ் அவகாடோ விலை அதிகமானாலும் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. நம் மலைகளிலிருந்து வரும் நாட்டு அவகாடோவை மட்டும், இப்போதைய நிலையில், பருவம் தவிர மற்ற நாள்களில் அங்கே வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் குறை பழத்தில் இல்லை, பழத்தைப் பறிப்பதிலும் வைப்பதிலும் இருக்கிறது.

முதலில் ரோபஸ்டா. பலகையில் ரோபஸ்டா என்று எழுதியிருந்தாலும் இன்று கடைகளுக்கு வருவதில் பெரும்பகுதி ஜி9 என்ற திசு வளர்ப்பு ரகம். இரண்டும் கேவண்டிஷ் குடும்பத்தைச் சேர்ந்தவையே. தேனி மாவட்டத்தில் சின்னமனூர், கம்பம் பக்கங்களில் இதைத் தாருக்கு உறை போட்டு, ஏற்றுமதித் தரத்தில் வளர்க்கிறார்கள். கேவண்டிஷ் இனத்துக்கு ஒரு குணம் உண்டு: நம் ஊர் வெப்பத்தில் தானாகப் பழுத்தால் சதை கனிந்த பிறகும் தோல் பச்சையாகவே நிற்கும். கிராமத்துக் கடைகளில் இதற்குப் பச்சைப்பழம் என்ற பெயர் நிலைத்ததும் அதனால்தான். சூப்பர் மார்க்கெட்டில் நாம் பார்க்கும் பளிச்சென்ற மஞ்சள், 16 முதல் 18 டிகிரி வரை குளிரூட்டிய அறையில் எத்திலீன் வாயு செலுத்தி நான்கைந்து நாளில் வரவழைக்கப்படுவது. இதைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. எத்திலீன் பழம் தானே வெளியிடுகிற வாயு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு, என்ற அளவு வரை அனுமதித்திருக்கிறது. தடை செய்யப்பட்டிருப்பது கார்பைட் கல். கல் வைத்த பழத்தில் தோல் மஞ்சளாகிவிடும், காம்பு பச்சையாக நிற்கும், உரித்தால் நடுச்சதை மாவாக இருக்கும். இந்தக் கடையில் அப்படிப்பட்ட பழத்தை நான் பார்த்ததில்லை என்பதை அழுத்தமாகவே பதிவு செய்கிறேன். கிலோ 45 ரூபாய் அளவில் விற்கும் ரோபஸ்டா ஒரே சீராகப் பழுத்து, அடிபடாமல் வருகிறது. தள்ளுவண்டியில் பத்து ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம். ஆனாலும் இந்தச் சீர் அங்கே எல்லா நாளும் அமைவதில்லை.

ஆனால் நன்றாகப் பழுத்து வந்த பழத்தைக் கடைக்குள் எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வாழைப்பழம் ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே இருக்கக் கூடாது. இந்தக் கடையில் ரோபஸ்டாவுக்கு வெளியே மர அடுக்கு இருக்கிறது. ஏலக்கி, செவ்வாழை, ரஸ்தாளி ஆகியவற்றை விலை அதிகம் என்பதாலோ என்னவோ ஆப்பிளுக்கும் திராட்சைக்கும் பக்கத்தில், குளிர்காற்று வீசும் கண்ணாடி அடுக்கில் வைக்கிறார்கள். இரண்டு நாள் அங்கே இருந்த ஏலக்கியின் தோல் மஞ்சள் மங்கி, சாம்பல் பூசியது போல் ஆகிவிடும். தோலின் மேற்பரப்பை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்த்தால் அடியில் பழுப்புக் கோடுகள் நீளவாட்டில் ஓடுவது தெரியும். அது அழுகல் அல்ல, குளிரில் பால் நரம்புகள் கருத்ததன் அடையாளம். அப்படிப்பட்ட பழம் வீட்டுக்கு வந்த பிறகு மேற்கொண்டு கனிவதில்லை, மணமும் வருவதில்லை. கிலோ 90 ரூபாய் கொடுத்து ஏலக்கி வாங்குகிறவர் அதன் மணத்துக்காகத்தானே வாங்குகிறார்?

செவ்வாழையின் விலை 120 ரூபாய்க்குக் குறைவதே இல்லை. அந்த விலையில் நியாயம் இருக்கிறது. ஜி9 வாழை நட்ட ஓராண்டுக்குள் வெட்டுக்கு வந்துவிடும்; செவ்வாழை ஒன்றரை ஆண்டு வரை தோட்டத்தில் நிற்கும். அத்தனை மாதம் தண்ணீர், உரம், முட்டுக்கம்பு எல்லாம் கொடுத்து, காற்றிலிருந்து காப்பாற்றிய விவசாயிக்குக் கூடுதல் விலை போக வேண்டும். அந்தப் பழத்தைக் குளிரில் வைத்துத் தோலைக் கருக்குவது அவருடைய உழைப்பை வீணாக்குவது. ரஸ்தாளியைப் பற்றிச் சொல்வதானால், கனிந்த ரஸ்தாளி சீப்பிலிருந்து தானே உதிரும். அதனால் கடைக்காரர்கள் அதை விறைப்பாக இருக்கும்போதே விற்றுவிடப் பார்க்கிறார்கள். வாங்கியவுடன் சாப்பிட்டால் துவர்க்கும், இரண்டு நாள் கட்டித் தொங்கவிட்டால் நன்றாக இருக்கும். உதிர்ந்த பழங்களைத் தனியே ஒரு கூடையில் போட்டுக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். அன்றே சாப்பிடுவதென்றால் அந்தக் கூடைதான் கடையிலேயே சிறந்த பேரம். பூவனும் கற்பூரவல்லியும் அங்கே வருவதேயில்லை. வெற்றிலை பாக்கோடு வைக்கப் பூவன் வேண்டுமென்றால் தெருமுனையில் தார் தொங்கும் பெட்டிக்கடைக்குத்தான் போக வேண்டும்.

மலைவாழை என்ற அட்டையோடு சில வாரங்களில் ஒரு பழம் வருகிறது. விலை செவ்வாழையையும் தாண்டும். விருப்பாச்சி, சிறுமலை ஆகிய இரண்டு மலைவாழைகளும் 2008இல் புவிசார் குறியீடு பெற்றவை. கீழ்ப்பழனி மலைச்சரிவிலும் சிறுமலையிலும் காப்பித் தோட்டங்களுக்கு இடையே மழையை நம்பி வளர்பவை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிர் கொடுப்பது விருப்பாச்சி வாழை. முடிக்கொத்து நோய் அந்தத் தோட்டங்களைப் பெருமளவில் அழித்துவிட்டதால் வரத்து குறைவு, விலை உயர்வு, அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அட்டையில் எந்த மலை, எந்த ஊர் என்ற விவரம் இல்லை. புவிசார் குறியீடு பெற்ற ஒரு பழத்துக்கு அதற்குரிய விலையை வாங்கும்போது, அது எங்கே விளைந்தது என்று எழுதுவது கடையின் கடமை. பணியாளரிடம் கேட்டேன். “மலைப்பழம்னு சொல்லித்தான் சார் வருது, ஊர் எல்லாம் தெரியாது” என்றார். அவர் மீது தவறில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

விலை ஏற்ற இறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியா உலகிலேயே அதிகமாக வாழை விளைவிக்கும் நாடு. விளைவதில் மிகப் பெரும்பகுதியை நாமே உண்கிறோம். அப்படியிருந்தும் விலை நிலையாக இருப்பதில்லை. சித்திரை, வைகாசியில் ஒரு மாலைச் சூறைக்காற்று போதும், தார் தள்ளிய மரங்கள் வரிசையாகச் சாய்ந்துவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்து வாழைத் தோட்டங்களைப் புரட்டிப் போட்டது. ஓணம் நெருங்கினால் கோவை, ஈரோட்டு நேந்திரன் கேரளத்துக்குப் போய்விடும். ஆயுத பூஜை, முகூர்த்த நாள்கள் என்றால் பூவன் விலை ஏறும். ஆடியில் கல்யாணம் இல்லாததால் இறங்கும். கோயம்பேட்டில் இந்த அலை ஒவ்வொரு வாரமும் தெரியும். இந்தக் கடையில் ஏறும்போது மட்டும் தெரிகிறது. சந்தையில் தார் விலை பாதியாக விழுந்து, விவசாயிகள் வெட்டுக்கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று மரத்திலேயே விட்டுவிடும் நாள்களிலும் கடையின் அட்டையில் அதே 45 ரூபாய் நிற்கிறது. இறக்கத்தின் பலனில் ஒரு பங்காவது வாங்குபவருக்கு வந்தால் அந்த நாள்களில் இன்னும் இரண்டு தார் விற்கும். தோட்டத்தில் வீணாவதும் அந்த அளவுக்குக் குறையும்.

இனி அவகாடோ. கொடைக்கானல் பக்கத்தில் பட்டர் ஃப்ரூட் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். இந்தக் கடையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பஞ்சு வலைக்குள் தனித்தனியாக வைக்கப்பட்ட இறக்குமதி ஹாஸ். பெரும்பாலும் தான்சானியா ஒட்டுத்தாளோடு வருகிறது, ஒரு பழம் 120 ரூபாய், எடை 200 கிராம் அளவில் இருக்கும். மற்றொன்று கிலோ 240 ரூபாய்க்குக் குவியலாகக் கிடக்கும் நாட்டுப் பழம். ஒன்று அரைக் கிலோவரைகூட நிற்கும்.

அவகாடோ மரத்தில் பழுக்காது. முற்றிய பிறகு பறித்து, வெளியே வைத்தால்தான் கனியும். ஆகவே சுவை முழுவதும் பறிக்கிற நாளில்தான் முடிவாகிறது. முற்றாமல் பறித்த காய் எத்தனை நாள் வைத்தாலும் ரப்பர் போல் வளையுமே தவிர வெண்ணெயாகாது. தோல் சுருங்கும், காம்பு முனையில் பூஞ்சை பிடிக்கும். ஹாஸ் விளையும் நாடுகளில் இதற்கு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: சதையைக் காயவைத்து எடை பார்த்து, உலர்பொருள் போதிய அளவு இருந்தால்தான் அறுவடை. கலிஃபோர்னியாவில் அந்த அளவு 20.8 சதவீதம். பச்சையாக இருந்து கனியும்போது கருக்கும் தோல், வீட்டில் வைத்திருப்பவருக்கும் பழம் தயாரா இல்லையா என்று காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கடையில் வாங்கிய ஹாஸ் பழங்களில் பெரும்பாலானவை நான்கைந்து நாளில் சீராகக் கனிந்தன. சதை நாரின்றி, கொழுப்போடு, கத்தியில் ஒட்டும் பதத்தில் இருந்தது. அந்த நம்பகத்துக்குத்தான் கப்பல் கூலி, குளிர்பெட்டி, இறக்குமதிச் செலவு எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறோம். தோலையும் கொட்டையையும் கழித்தால் மூன்றில் இரண்டு பங்குதான் சதை. அப்படிப் பார்த்தால் கிலோ சதை ஏறத்தாழ 900 ரூபாய். அதே கணக்கில் ரோபஸ்டாவின் சதை கிலோ 70 ரூபாய்க்குள் அடங்கிவிடும். நாள்தோறும் வாங்கக்கூடிய பழமல்ல ஹாஸ்.

நாட்டுப் பழத்தின் கதை வேறு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி ஊர்களிலும் ஏற்காட்டிலும் காப்பிக்கு நிழல் தரும் மரமாக அவகாடோ நிற்கிறது. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டிகேடி 1 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. மற்றபடி பெரும்பாலான மரங்கள் விதையில் முளைத்தவை, ஒன்றைப் போல் ஒன்று காய்ப்பதில்லை. ஹாஸைவிட இவற்றில் கொழுப்பு குறைவு, நீர் அதிகம்; ஆனால் முற்றிய பழம் இனிமையான, மென்மையான சதை கொண்டது. பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்துக் குடிக்க ஹாஸைவிட இதையே நான் விரும்புவேன். வத்தலக்குண்டில் மலைப்பாதைச் சாலையோரம், பெரியவர் ஒருவர் கூடையிலிருந்து தேர்ந்து கொடுத்த பழத்தைச் சாப்பிட்ட யாரும் நாட்டுப் பழம் மட்டம் என்று சொல்ல மாட்டார்கள்.

கடையில் கிடைப்பது அந்தப் பழமல்ல. ஆடி, ஆவணியில் வரத்து மிகும்போது ஓரளவு நன்றாக இருக்கிறது. பருவத்துக்கு முன்னும் பின்னும் விலை நன்றாக இருப்பதைப் பார்த்து, மரத்தைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரிகள் சிறிது பெரிதாகத் தெரியும் காய்களையெல்லாம் தொரட்டியால் இழுத்துவிடுகிறார்கள். அறுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: முற்றிய பழத்தின் கொட்டையைச் சுற்றியுள்ள மெல்லிய தோல் காய்ந்த காகிதம் போலக் கரும்பழுப்பாக இருக்கும், முற்றாததில் அது வெளிர் மஞ்சளாகச் சதைப்பற்றோடு ஒட்டியிருக்கும். இந்தக் கடையில் வாங்கியவற்றில் வெளிர் மஞ்சளைத்தான் அதிகம் பார்த்தேன். அதோடு, விழுந்த அடியும் உண்டு. மூட்டையில் கட்டி மலையிலிருந்து இறக்கும்போது படும் அடி வெளியே தெரியாது, கனிந்த பிறகு உள்ளே சாம்பல் திட்டாக நிற்கும். இதற்கெல்லாம் மேலாகக் கடையில் இதையும் ஹாஸோடு சேர்த்துக் குளிர் அடுக்கில் வைக்கிறார்கள். ஹாஸ் 5 டிகிரிக் குளிரைத் தாங்கும். நம் மலைகளில் கலந்திருக்கும் மேற்கிந்தியத் தீவு வகைகள் வாழையைப் போலவே 12, 13 டிகிரிக்குக் கீழே கெட்டுவிடும். தோலில் கருந்திட்டும் சதையில் கறுப்பு நரம்பும் விழும்.

கொட்டை பெரிது என்பதால் நாட்டுப் பழத்தில் சதை 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கிலோ 240 ரூபாய்ப் பழத்தின் சதை 400 ரூபாய். மூன்றில் ஒன்று கெட்டுப்போனால் அது 600 ஆகிவிடும். ஹாஸின் 900 ரூபாயோடு ஒப்பிட்டால் இன்னமும் மலிவுதான். ஆனால் விருந்தினர் வரும் நாளில் அறுத்துப் பார்த்துக் குப்பையில் போட்டவர்கள் அடுத்த முறை அந்தக் குவியல் பக்கம் திரும்ப மாட்டார்கள். பஞ்சு வலையும் தனி இடமும் ஹாஸுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, நாட்டுப் பழம் விலைபோவதில்லை என்று கடை சொல்வது எந்த விதத்திலும் நியாயமாகாது. பருவத்தில் மட்டும் வாங்கி, அடுக்கடுக்காகக் கூடையில் இறக்கி, வெளி அடுக்கில் வைத்து, எந்த ஊர், எந்தத் தேதி பறித்தது என்று ஓர் அட்டை எழுதினால் கிலோ 300 ரூபாய்க்கும் அதை வாங்க நாங்கள் தயார்.

அதுவரை, அந்தக் கடைக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. ரோபஸ்டாவை எடுத்துக்கொள்ளுங்கள், காம்பில் சிறிது பச்சை இருக்கும் சீப்பாகப் பார்த்தால் நான்கு நாள் தாங்கும். ஏலக்கி, செவ்வாழை வேண்டுமென்றால் புதுச்சரக்கு எப்போது வரும் என்று பழப் பிரிவில் இருக்கும் பணியாளரிடம் கேட்டு, குளிர் அடுக்கில் ஏறும் முன்னரே கூடையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். ஹாஸை விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள், அழுத்திய இடம் வாங்குகிற அடுத்தவருக்குக் கறுப்புத் திட்டாகும். உள்ளங்கையில் வைத்து மெல்ல மூடினாலே இளகியிருப்பது தெரியும். நாட்டுப் பழத்தை ஆடி, ஆவணியில், அதுவும் தொட்டால் சில்லென்று இல்லாத குவியலிலிருந்து மட்டும் எடுங்கள்.