பதினேழு ஆண்டு லினக்ஸ்: சீடி விற்ற கணக்கும் பயன்படுத்தியவர் கணக்கும்

போன வாரம், கைப்பேசிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, லினக்ஸ் மின்ட்டைப் பெண்டிரைவ்ல போட்டு இருபத்தஞ்சு வெள்ளிக்கு வச்சா நம்ம டவுன்ல ஓடுமா? நீங்கதான் முன்னாடி சீடி வித்தீங்களே." லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய இலவச இயங்குதளம், மின்ட்டும் உபுண்டுவும் அதன் வகைகள். வெள்ளி என்று நாங்கள் சொல்வது மலேசிய ரிங்கிட்டை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றது. அதிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் அவர் கடைக்குப் பழைய மடிக்கணினிகள் வந்துகொண்டே இருக்கின்றன. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, பிராசசர் பழையது, விண்டோஸ் 11 ஏறாது. நன்றாக ஓடுகிற பொருளைத் தூக்கிப் போட யாருக்கு மனம் வரும்? அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல உட்கார்ந்தபோது பழைய கோபமெல்லாம் கிளம்பிவிட்டது.

முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2008 ஏப்ரலில் வந்த உபுண்டு 8.04இல் தொடங்கினேன். 2014இல் மின்ட்டுக்கு மாறினேன், இன்றும் அதுதான். பன்னிரண்டு வயது மடிக்கணினியில் மின்ட் 22 ஓடுகிறது, 2029 வரை புதுப்பிப்பு வரும். இதுவரை மாற்றியது இரண்டு பேட்டரி, ஒரு எஸ்எஸ்டி (சேமிப்பு வட்டு).

உபுண்டுவில் தொடங்கிய காலத்தில் நான் போட்டோஸ்டாட் கடை வைத்திருந்தேன். வருகிற பெண்டிரைவ் ஒவ்வொன்றிலும், விண்டோஸில் மாட்டியவுடன் தானே ஓடும் ஆட்டோரன் வைரஸ் இருந்த காலம் அது. பக்கத்துக் கடைக்காரர் மாதம் ஒரு முறை கணினியை அழித்து மறுபடி ஏற்றுவார். எனக்கு அந்த வேலை ஒரு நாளும் வரவில்லை. இன்னொரு மகிழ்ச்சி தமிழ். அப்போதைய விண்டோஸ் எக்ஸ்பியில் கொம்பும் காலும் இடம் மாறாமல் தமிழ் தெரிய வேண்டுமென்றால் கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும், உடனே எக்ஸ்பி சீடியைப் போடச் சொல்லும். இங்கே யார் வீட்டில் அந்தச் சீடி இருந்தது? உபுண்டுவில் முதல் நாளே எழுத்து உடையாமல் தெரிந்தது. தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகையை மட்டும் ஒரு முறை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டேன். கோயில் திருவிழா நோட்டீஸை அதில் அடித்து எடுத்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில்தான் சீடி விற்கும் எண்ணமே வந்தது.

ஒரு சீடி மூன்று வெள்ளி. "சும்மா கிடைக்கிற பொருளுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்காதவர் இல்லை. யாரும் பிரதி எடுக்கவும் மாற்றவும் உரிமை தரும் சுதந்திர மென்பொருளைப் பிரதி எடுத்து விற்கலாம், விலையும் நம் விருப்பம். லினக்ஸுக்கு உள்ள ஜிபிஎல் உரிமம் அதைத் தடுப்பதில்லை, மூலநிரல் (மென்பொருளை எழுதிய நிரல்) கிடைக்க வழி செய்ய வேண்டும் என்பதுதான் அதன் நிபந்தனை. எனக்கு ஆன செலவு நேரம். 700 எம்பி கோப்பு 512 கேபிபிஎஸ் இணைப்பில் இறங்க, நடுவில் அறுபடாமல் இருந்தால், மூன்று மணி நேரம். மழை வந்தால் ராத்திரி முழுக்க. உபுண்டுவை வெளியிடும் நிறுவனமே சீடியை இலவசமாக வீட்டுக்கு அனுப்பியது உண்மைதான், ஆனால் கைக்கு வரப் பல வாரம் ஆகும்.

விற்றதை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். முதல் ஆண்டு 58. இந்தச் சின்ன ஊரில் ஐம்பத்தெட்டுப் பேர் லினக்ஸில் இருக்கிறார்கள் என்று நம்பினேன், ஈப்போவிலிருந்து வந்த நண்பர்களிடமும் பெருமையாகச் சொன்னேன்.

அந்த நோட்டு முழுக்கத் தப்பு. டியூஷன் வாத்தியார் ஒருவர் ஒரே சீடியை வாங்கிப் போய்ப் பதினொரு கணினியில் போட்டார். நோட்டில் அவர் ஒன்று. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதுப் பதிப்பு வந்தவுடன் வந்து வாங்குவார். மூன்றரை ஆண்டில் ஏழு வரி, அத்தனையும் ஒரே மனிதர். எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதிவிட்டுச் சும்மா இருந்த பையன்கள் நிறைய வாங்கினார்கள். சீடியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால் ஒரு சாயங்காலம் பார்த்துவிட்டு, விளையாட்டு ஓடவில்லை என்று எடுத்து வைத்துவிட்டார்கள். ஒரு முறை துக்க வீட்டுக்காக எல்பில் தோட்டப் பக்கம் போனபோது, தொழிலாளர் லயத்து வீட்டு ரம்புத்தான் மரத்தில் வௌவால் வராமலிருக்கப் பழைய சீடிகள் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஒன்றில் என் கையெழுத்து. அன்றைக்கு எனக்கு உண்மையாகவே வலித்தது.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) திருட்டு விண்டோஸ் ஐந்து வெள்ளிக்குக் கிடைத்தது. அதையும் மறக்கக் கூடாது. எங்கள் ஊரில் எல்லா இயங்குதளமும் ஏறக்குறைய இலவசம்தான். இலவசம் என்று சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்? மூன்று வெள்ளிக்கும் ஐந்து வெள்ளிக்கும் நடுவே சுதந்திரத்தைப் புரிய வைக்க நான் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. கேட்டவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஐந்து வெள்ளிச் சீடியை வாங்கப் போனார்கள்.

வாங்கியவர்களை விரட்டியது வைஃபை. சில மடிக்கணினிகளின் வைஃபை சில்லுக்கான ஃபர்ம்வேரை (சில்லை இயக்கும் மென்பொருளை) சீடியோடு சேர்த்துத் தர உரிமம் இடம் கொடுக்கவில்லை. அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், இணையத்துக்கோ வைஃபை வேண்டும். கேபிள் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? "அண்ணே, உங்க சீடி கெட்டது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று வெள்ளியைத் திருப்பித் தந்தேன், ஆனால் விற்பனை வரியை நோட்டில் அடிக்கவில்லை. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பியில் மாட்டி இணையம் கொடுத்துவிடலாம். சுதந்திரமில்லாத மென்பொருளைச் சேர்ப்பதில்லை என்று அவ்வளவு பிடிவாதமாக இருந்த டெபியன் என்ற லினக்ஸ் வகைகூட 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேரை நிறுவல் கோப்பிலேயே வைக்கிறது. இந்த முடிவைப் பத்து வருஷம் முன்னால் எடுத்திருந்தால் என் ஊரில் எத்தனை பேர் தங்கியிருப்பார்கள்!

2012 வாக்கில் விற்பனை படுத்துவிட்டது. லினக்ஸ் செத்துவிட்டது என்று நினைத்துச் சோர்ந்து போனேன். அதுவும் தப்பான முடிவு. இணையம் வேகமாகிவிட்டது, அவரவரே இறக்கிக்கொண்டார்கள். உபுண்டு இலவசச் சீடி அனுப்புவதை 2011 ஏப்ரலில் நிறுத்தியிருந்தது. 2012 அக்டோபரில் வந்த 12.10 சீடிக்குள் அடங்கவே இல்லை. பல ஆண்டு சீடி விற்றே திட்டத்துக்குக் காசு சேர்த்த ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு இலவச இயங்குதளத்தின் குழுவும் 2016இல் வந்த 6.0ஓடு சீடியை விட்டது. விற்பனை கூடியதும் குறைந்ததும் எங்கள் ஊரின் இணைய வேகத்தால். லினக்ஸை எத்தனை பேர் விரும்பினார்கள் என்பது அந்த நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நான் எண்ணியிருக்க வேண்டியவர்கள் திரும்பி வந்து கேள்வி கேட்டவர்கள். "பிரிண்டர் எப்படிச் சேர்ப்பது?", "தமிழ்99 எங்கே இருக்கு?", "புதுப் பதிப்புக்கு மாறினால் போட்டோ எல்லாம் போயிடுமா?" இப்படிக் கேட்டவர் உண்மையாகப் பயன்படுத்தியவர். யோசித்துப் பார்த்தால் ஒன்பது பேர் நினைவுக்கு வருகிறார்கள். அதில் நான்கு பேர் இன்றும் மின்ட்டிலோ உபுண்டுவிலோ இருக்கிறார்கள். கிராணியும் ஒருவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? இவ்வளவு நல்ல பொருள், பதினேழு ஆண்டு என்னைக் கைவிடாத பொருள், ஆனாலும் பெண்டிரைவில் போட்டு விற்காதே என்றேன். இருபது விற்றால் இருபது பேர் என்று நீயும் நம்புவாய், கடையைப் பெரிதாக்குவாய், பிறகு நொந்துபோவாய். மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுவரச் சொல். நிறுவுவதற்கு முன் பெண்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் அவர் கண் முன்னே பார். சரியாக இருந்தால் மட்டும் ஏற்று, ஏற்றும் கூலியை வாங்கு. அவர் பெயரை எழுதாதே. இரண்டு மாதம் கழித்துச் சந்தேகம் கேட்க வந்தால் அப்போது எழுது.

அவருக்கு முகம் வாடிவிட்டது. பரவாயில்லை.