தவணையை நிறுத்துவதா, வட்டியைக் குறைத்துக்கொள்வதா: 2020-இல் நான் எடுத்த முடிவு

கொரோனா ஊரடங்கு தொடங்கியிருந்த 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி ஒரே நாளில் இரண்டு வழிகளைத் திறந்தது. கடன் தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்கலாம் என்றது. மே மாதத்தில் அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. கூடவே ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, 5.15 சதவீதத்திலிருந்து 4.40 ஆக்கியது, மே 22 அன்று 4.00 ஆக்கியது. அப்போது கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்த்தேன். சம்பளத்தில் 40 சதவீதம் பிடித்தம். வீட்டுக் கடனில் 20 லட்சம் பாக்கி, இன்னும் 15 வருடம், வட்டி 8.5 சதவீதம், மாத இஎம்ஐ ரூ.19,695.

நான் தவணையை நிறுத்தவில்லை. அந்தப் பழைய கடனை ரெப்போவோடு இணைக்கப்பட்ட கடனாக மாற்றிக்கொண்டேன்.

ஒத்திவைப்பில் இருந்த வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கையில் பணம் நிற்கும், கடன் வாராக்கடன் ஆகாது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் கெடாது. முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை.

என் கணக்கையே போட்டுப் பார்க்கிறேன். ஆறு மாதம் கட்டாமல் விட்டால் மிச்சமாவது ஏறக்குறைய ரூ.1.18 லட்சம். அதற்குள் 86,500 ரூபாய் வட்டி அசலில் ஏறி, பாக்கி 20.86 லட்சமாகிவிடும். அதே இஎம்ஐயைத் தொடர்ந்தால், தள்ளிப்போன ஆறு தவணைகளைத் தவிர இன்னும் 16, 17 தவணைகள் கட்ட வேண்டும். கூடுதல் செலவு மட்டும் மூன்றேகால் லட்சத்துக்கு மேல். நீண்ட காலக் கடனில் ஆரம்ப வருடங்களில் கட்டும் தவணையில் பெரும்பங்கு வட்டிக்கே போகிறது, அசல் கொஞ்சமாகத்தான் கரைகிறது. அந்த நேரத்தில் அசல் ஏறினால் கடன் இவ்வளவு தூரம் நீண்டுவிடும்.

நீதிமன்றம் வட்டியைத் தள்ளுபடி செய்துவிடும் என்று நம்பி இருந்தவர்கள் நிறையப் பேர். 2021 மார்ச் 23 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, முழு வட்டியையும் தள்ளுபடி செய்ய மறுத்தது. வட்டிக்கு வட்டி மட்டும் கூடாது என்றது. அதற்கு முன்பே, 2020 அக்டோபரில், 2 கோடி வரையிலான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தானே தருவதாக மத்திய அரசு அறிவித்திருந்தது. என் கடன் அளவுக்கு அந்த வித்தியாசம் ஏறக்குறைய 1,500 ரூபாய். தவணையை நிறுத்தாமல் கட்டியவர்களுக்கும் அது உண்டு என்பதால் எனக்கும் வந்தது.

சரி, ரெப்போ பக்கம் வருவோம். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய வீட்டுக் கடன்களின் மிதக்கும் வட்டி, அதாவது அவ்வப்போது மாறும் வட்டி, ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும். வங்கி தனக்குப் பணம் திரட்ட ஆகும் செலவை வைத்து வட்டி போடும் பழைய எம்சிஎல்ஆர் முறையில் கடன் வாங்கியவர்களுக்கு, அவர்களாகக் கேட்டால்தான் வங்கி மாற்றித் தரும். என் கிளையில் யாரும் இதைச் சொல்லவில்லை. நானே விசாரித்து, மனு எழுதிக் கொடுத்து, சின்னதாக ஒரு கட்டணமும் கட்டினேன். வட்டி 7.25 ஆனது. இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லாமல் அதே தொகையைக் கட்டினேன். அந்த வட்டி அப்படியே நின்றிருந்தால் 22 மாதம் முன்னதாகவே கடன் முடிந்திருக்கும்.

ஆனால் நிற்கவில்லை. 2022 மே முதல் ஏறத் தொடங்கிய ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.50 ஆனது. இறங்கிய வேகத்திலேயே என் வட்டியும் ஏறி 9.75-ஐத் தொட்டது. அந்த 22 மாத லாபம் முழுவதும் போயிற்று. காலத்தை நீட்ட விடாமல் இஎம்ஐயைக் கூட்டிக் கட்டினேன். எம்சிஎல்ஆர் கடன்களிலும் வட்டி ஏறியது, ஆனால் மெதுவாக. ஆகவே ரெப்போ எப்போதும் மலிவு என்று நான் சொல்ல மாட்டேன். தவணையை நிறுத்தியிருந்தால் அந்த 9.75-ஐ வீங்கிப்போன அசலுக்குக் கட்டியிருப்பேன் என்பது மட்டும் உறுதி.

என் மச்சான் கதை வேறு. திருப்பூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பனியன் கம்பெனிகள் மூடியதும் வருமானம் பூஜ்யம். நான்கு லட்சம் பாக்கி, மூன்று வருடம் மீதி, 12 சதவீத வட்டி. ஆறு மாதமும் ஒத்திவைத்தார். கூடுதலாகக் கட்டியது மூன்று தவணைக்கும் குறைவு. அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அரசு உத்தரவாதத்தோடு சிறுதொழில்களுக்குத் தந்த அவசரக் கடனை எங்கள் இருவரில் யாரும் வாங்கவில்லை, அதனால் அதை இங்கே எடைபோடவில்லை.

வட்டிக் குறைப்பு எல்லோருக்கும் நல்லதாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் கடன் வட்டி இறங்கிய அதே மாதங்களில் அம்மாவின் வைப்புத்தொகை வட்டியும் இறங்கியது. மாதாமாதம் அவருக்குக் குறைந்ததை நான்தான் ஈடுகட்டினேன்.

எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. ஒத்திவைப்பு வேண்டுமா என்று கேட்டு வங்கியிலிருந்து எனக்கு வந்த குறுஞ்செய்தியில், எந்தத் தேதிக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்று இருந்தது. எத்தனை தவணை கூடும் என்ற எண் அதில் இல்லை. என் கடன் விவரம் முழுவதும் அவர்களிடம் இருந்தது. அந்த ஒரு எண்ணைச் சேர்த்திருந்தால், சம்பளம் வந்துகொண்டிருந்தும் ஆறு மாதமும் நிறுத்திய என் அலுவலக நண்பர்கள் பலர் கட்டியே இருப்பார்கள்.